மறுவருகை விகிதம்

ஆகாயச்சோலை என்ற மலைக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும் பேருந்து, நுழைவு வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு பாலத்தருகே கொஞ்ச நேரம் நிற்கும். ஓட்டுநர் இல்லாத தானியங்கி வண்டிதான். ஆனாலும் பயணிகள் கேட்டுக் கேட்டு அந்த நிறுத்தத்தை வாங்கியிருந்தார்கள். ஏறி இறங்க அங்கே ஒருவரும் கிடையாது. மலையைப் பார்த்து நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றால் அங்கேயே சொல்லி முடித்துவிட வேண்டும், அதற்காகத்தான்.

செல்லக்கனி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். "ஏ யம்மா, என்ன காத்து! அந்தப் பச்சையப் பாருங்க அண்ணாச்சி, கண்ணுக்கு எண்ணெய் விட்டாப்ல இருக்கு" என்றாள். அம்பாசமுத்திரத்துப் பக்கம் சூரியத்தகடு கழுவுகிற வேலை அவளுக்கு. வயல் இருந்த இடமெல்லாம் இப்போது தகடுதான். கோடை வந்துவிட்டால் அங்கே பகலில் மனுஷர் வெளியே தலைகாட்டுவதில்லை. வெயிலைக் கூலிக்குத் துடைக்கிறவர்களைத் தவிர.

பக்கத்தில் எட்வின்ராஜ் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடிக்காரர், உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். வருடாவருடம் இதே பேருந்தில் வந்து பழக்கமாகிவிட்ட மனிதர். "நல்லாப் பாத்துக்க தங்கச்சி. சொல்லுததெல்லாம் இப்பமே சொல்லிரு" என்றார்.

வண்டி நகர்ந்தது. வளைவுக்குள் நுழைந்ததும் அத்தனை முகமும் சுளித்துக்கொண்டது.

"சீ! இதுவும் ஒரு ஊருன்னு வாரோமே!"

"காத்தா இது? குப்பைக்கெடங்கு நாத்தம்."

"துட்டக் குடுத்துத் துன்பத்த வாங்குதோம்" என்று எட்வின்ராஜ் எல்லாருக்கும் மேலே குரலை உயர்த்திச் சொன்னார்.

இவர்களுக்கு மூளை பிசகிவிட்டதா என்று கேட்டுவிடாதீர்கள். காரணம் விலைச்செவி. வளைவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒவ்வொரு கூடாரத்தின் முளைக்கம்பிலும் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு கேட்கும் பொறி பதித்திருந்தார்கள். வருகிறவர்கள் வாயிலிருந்து விழுவதையெல்லாம் அது கேட்கும். பிடித்திருக்கிறது என்றால் விலை ஏறும், பிடிக்கவில்லை என்றால் இறங்கும். ஒருத்தி "அழகா இருக்கே" என்று வாய்தவறிச் சொன்னால் அந்த வட்டாரத்துக் கூடார வாடகை முழுக்க ஒரு படி மேலே போகும். வாயால் சொன்னதும் கையெழுத்துப் போட்டதும் ஒன்றுதான் என்று சொல்லொப்பந்தச் சட்டம் வந்த பிறகு நாடு முழுக்க இதே கதைதான். சந்தையில் கத்தரிக்காயைப் பார்த்து "பிஞ்சா இருக்கு" என்று சொல்லிவிட்டு வாங்குகிறவன் முட்டாள். ஜனங்கள் வைதே பழகிவிட்டார்கள்.

கேளிக்கைக்கு வந்தவர்கள் வைதுவிட்டுப் போகட்டும், கவலையில்லை. இந்தப் பேருந்தில் வந்தவர்கள் ராட்டினம் ஏற வந்தவர்களா? ராட்டினம் ஏறுகிறவர்கள் பறக்கும் காரில் வந்து மாளிகை விடுதியில் இறங்குவார்கள். கூடார வெளிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பெற்றோர்கள். அவர்கள் பிள்ளைகள் ஆகாயச்சோலையில் வேலை பார்த்தார்கள். ஆறு வருட ஒப்பந்தம். பயிற்சிச் செலவு கழிகிறவரை வளாகத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. பார்க்க வேண்டும் என்றால் விருந்தாளியாக வந்து கூடார இடம் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். அந்தி நேரத்தில் கொஞ்ச நேரம் பிள்ளைகளை விடுவார்கள். திரையில் தினமும் முகத்தைப் பார்க்கலாம்தான். திரைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிட முடியுமா?

செல்லக்கனி தன் இடத்துக்குப் போய்ப் பையை இறக்கிவிட்டு முளைக்கம்பில் ஒளிர்ந்த வாடகைத் தொகையைப் பார்த்தாள். போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு. போன வருடமே அதற்கு முந்தின வருடத்தைப் போல இரண்டு மடங்கு. நாலு முழம் தரை, ஒரு குழாய், ஒரு விளக்கு. கூடாரம்கூட அவளுடையது. பணத்தை முன்கூட்டியே கட்டியாகிவிட்டது, காதில் கிடந்ததை விற்றுத்தான் கட்டினாள். அடுத்த வருடமும் இப்படி ஏறினால் அவளால் வர முடியாது. விற்பதற்கு ஒன்றுமில்லை. மகளின் ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வருடம் இருந்தது.

அந்தியில் நறுமுகை ஓடிவந்தாள். மலையணில் வேஷம் அவளுக்கு. தலையை மட்டும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள், வால் பின்னால் இழுபட்டது.

"வந்துட்டியா, மூதி" என்றாள் செல்லக்கனி. "என்னட்டி கோலம் இது? பாக்கச் சகிக்கல."

"நீ மட்டும் என்னவாம்? காஞ்ச கருவாடு" என்று சொல்லிக்கொண்டே மகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நல்லவேளை, விலைச்செவிக்குக் கண் கிடையாது. நெடுநேரம் அப்படியே நின்றார்கள்.

பிறகு மகளை முன்னால் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தாள். "முடியா இது? தேங்காநாரு. சவத்த என்னன்னு வளத்து வெச்சிருக்கே" என்று வைதுகொண்டே ஒவ்வொரு சிக்காக விரலால் எடுத்தாள். நறுமுகை கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்திருந்தாள். பெற்ற மகளைப் பார்த்து 'என் கண்ணே' என்று ஒரு சொல் சொன்னால் வாடகை ஏறிவிடும்! இப்படி ஒரு அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்ல?

"ஒங்காது ஏம்மா மூளியா இருக்கு?" என்று நறுமுகை திடீரென்று கேட்டாள்.

"கனத்துச்சு, கழட்டிட்டேன்" என்றாள் செல்லக்கனி. மகளின் தோள் குலுங்கியது.

மறுநாள் காலையில் செல்லக்கனி விருந்தினர் சேவை அலுவலகத்துக்குப் போனாள். ஹர்ஷித் என்ற இளைஞன் இருந்தான். மெட்ராஸ் பையன், நல்ல மரியாதை. "உக்காருங்க மேடம்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டான்.

"உக்கார வரல. மூணு வருசமா இந்த மண்ணுல நின்னு நான் ஒரு நல்ல வார்த்தை பேசுனதில்ல. வேணும்னா ஒங்க செவியப் போட்டுக் கேளுங்க. பெறவு எந்த நியாயத்துல வெலைய ஏத்துனீக?"

"நாங்க ஏத்தலை மேடம். நீங்கதான் ஏத்தினீங்க" என்றான் அவன். திரையில் எதையோ தொட்டான். அவளுடைய குரலே அறைக்குள் கேட்டது: *சரி தாயி, போயிட்டு வாரேன்.*

அடுத்து எட்வின்ராஜின் குரல். *லே, போயிட்டு வாரேன், ஒழுங்கா இருந்துக்க.* அதற்கடுத்து யார் யாருடைய குரல்களோ. வெளியேறும் வாசலில் போன வருடம் விடைபெற்றவர்கள் எல்லாரும் வரிசையாக வந்தார்கள். போயிட்டு வாரோம். போய்ட்டு வரேம்ப்பா. வர்றோம்டா.

"மத்த பேச்செல்லாம் வெறும் விருப்பம். வாசல்ல சொல்றது வாக்குறுதி, அதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி" என்றான் ஹர்ஷித். "வெளிநாட்டுத் தளங்கள்ல பை சொல்லிட்டுப் போயிடறாங்க. 'திரும்ப வருவேன்'னு பத்துல ஒருத்தர் சொன்னாலே பெரிசு. இங்க நீங்க அத்தனை பேரும் சொல்றீங்க. எங்க கம்பெனியோட எல்லாத் தளத்துலயும் மறுவருகை விகிதம் அதிகமா இருக்கறது இந்த மலையிலதான் மேடம். தலைமையகத்துல இதுக்காகக் கேக் வெட்டினாங்க."

"கேக்கா?" என்றாள் செல்லக்கனி. பிறகு வெடித்தாள். "அட கூறுகெட்டவங்களா! அது வாரேன்னு சொன்னதில்லய்யா. போறேன்னு சொன்னது! போறேன்னு வாயால சொல்லக்கூடாதுன்னு அப்படிச் சொல்லுதோம். நீயும் தமிழாளுதானே? இங்க வேலைக்கு வாரப்ப வீட்டுல என்ன சொல்லிட்டுக் கெளம்புனே?"

ஹர்ஷித்தின் முகம் சிவந்தது. "வரேம்மான்னுதான் சொன்னேன்" என்றான். "எனக்குப் புரியுது மேடம். பொறிக்கு வார்த்தைதானே கணக்கு? சட்டமும் அப்படித்தான் இருக்கு."

விஷயம் கூடார வெளி முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானம் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் எல்லாரும் கூடிவிட்டார்கள். அங்கே பேசினாலும் செவி கேட்கும்; கேட்கட்டும், திட்டுவதற்கு விலை ஏறாதே!

"லேசான காரியம்" என்றார் எட்வின்ராஜ். "இந்த வருசம் வாசல்ல போய் நின்னு, போறோம்னு சொல்லிருவோம். அத்தனை பேரும். வெல பொத்துனு விழுந்துரும்."

சண்முகத்தாய் என்று ஒருத்தி, சங்கரன்கோவில்காரி, மகன் இங்கே தண்ணீர்ச் சறுக்கில் காவலாக இருந்தான். அவள்தான் முதலில் பேசினாள். "யாருட்ட சொல்லணும்? எம்மவன்ட்டயா? போறேன்னு? ஒங்களுக்குச் சொல்ல வாய் வருமா அண்ணாச்சி?"

"அப்பம் ஒண்ணும் சொல்லாமப் போவோம்."

"எழவு வீட்டுலதான் சொல்லாம எந்திரிச்சுப் போவாக. பெத்த புள்ளய உசுரோட நிக்கவெச்சிட்டு அப்படிப் போகச் சொல்லுதீகளா?"

எட்வின்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். சாகப்போகிறவன்தான் போறேன் என்பான். சண்டை போட்டு உறவை அறுத்துக்கொண்டவன் சொல்வான். ஒரு கூடார இடத்துக்காக அதைச் சொல்லு என்கிறது ஒரு பொறி. கூட்டம் பொருமியது. ஒருவர் கம்பெனியைத் திட்டினார், ஒருவர் சட்டத்தைத் திட்டினார், ஒருவர் 'பை' சொன்னால் என்ன என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"நம்ம சொல்லுதது இருக்கட்டும்" என்றாள் செல்லக்கனி திடீரென்று. "வாசல்ல நம்ம புள்ளைக என்ன சொல்லுதாக?"

"என்னத்தச் சொல்லும்? போயிட்டு வாங்கன்னு சொல்லும்."

"சீருடைல நின்னுகிட்டுத்தானே சொல்லுதாக?"

எட்வின்ராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

அலுவலக வாசலில் கூட்டம் நெருக்கியது. செல்லக்கனி மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "தம்பி, எங்க வாய்ச்சொல்லு எங்களக் கட்டும்னா, ஒங்க வாய்ச்சொல்லு ஒங்களக் கட்டாதா? சீருடைல சொல்லுததெல்லாம் கம்பெனி சொன்னதுதான்னு எம்மவ ஒப்பந்தத்துலயே போட்டிருக்கு. எவனோ குடிகாரன அவ 'போடா'ன்னு சொன்னதுக்கு அதக் காட்டித்தான் அபராதம் புடிச்சீக. போன வருசம் வாசல்ல நின்னு எங்கள வாங்கன்னு கூப்புட்டதும் அதே சீருடதான். அப்ப கூப்புட்டது யாரு? ஒங்க கம்பெனி. வாங்கன்னு கூப்புட்டவன் எவனாச்சும் வந்த விருந்தாளிட்ட வாடக கேப்பானா?"

ஹர்ஷித் திரையைத் தன் பக்கம் திருப்பினான். பிறகு, அவனுக்கும் ஆசையாகத்தான் இருந்திருக்க வேண்டும், கேள்வியை அப்படியே பொறியிடம் போட்டான். பொறிக்கு வெட்கமா, மானமா? போன வருடத்து வாசல் பதிவுகளைப் புரட்டிவிட்டு, ஏற்ற இறக்கமில்லாத குரலில் பதில் சொன்னது.

"அழைப்பு விடுக்கப்பட்டிருக்கிறது. அழைக்கப்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. செலுத்திய தொகை திருப்பித் தரப்படும்."

கூடார வெளியில் அன்றைக்கு நடந்த அமர்க்களத்தை எழுதி முடியாது. மனுஷர்கள் வாய்விட்டுப் பாராட்டினார்கள். மரத்தைப் பார்த்து மரம் நல்லா இருக்கு என்றார்கள். சோற்றை ருசி என்றார்கள். எட்வின்ராஜ் குச்சி ஐஸை நக்கிக்கொண்டே "அமிர்தம்ல! அமிர்தம்!" என்று விளக்குக் கம்பத்தைப் பார்த்துக் கத்தினார். அந்தியில் நறுமுகை வந்தபோது செல்லக்கனி அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, "எங்கண்ணு, எம் ராசாத்தி, எம்புட்டு அழகா இருக்கே" என்று சத்தமாகச் சொன்னாள். பிள்ளை வெலவெலத்துப்போய் முளைக்கம்பைப் பார்த்தது. "பாக்காதட்டி, துட்டு கெடையாது" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு இருவரும் அழுதார்கள்.

கிளம்புகிற நாள் வந்தது. வெளியேறும் வாசலில் இந்த வருடம் புதிதாக ஒரு பெரிய விலைப்பலகை வைத்திருந்தார்கள். அடுத்த வருடத்து வாடகையை அது அங்கேயே காட்டும். நாலு நாளைய பாராட்டில் எண் எங்கேயோ ஏறிக் கிடந்தது. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. பிள்ளைகள்தான் இன்றைக்கும் போயிட்டு வாங்க என்று அழைப்பார்களே!

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வழக்கம்போல வேஷத்திலும் சீருடையிலும் வரிசையாக நின்றார்கள். வழக்கமில்லாதது ஒன்றுதான். ஒருவர்கூட நிமிரவில்லை. பக்கத்தில் ஹர்ஷித் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான், தூங்காதவன் மாதிரி.

எட்வின்ராஜ் முதலில் போனார். அவருடைய மகன் பெலிக்ஸ், சமையல் தொப்பியோடு நின்றவன், தரையைப் பார்த்துச் சொன்னான்: "போங்க."

"என்னல சொன்னே?"

"போங்கப்பா."

எட்வின்ராஜ் ஹர்ஷித்தைப் பார்த்தார். "விடிகாலைல உத்தரவு வந்துச்சு சார்" என்றான் அவன் மெதுவாக. "அந்த ஒரு வார்த்தைதான் சொல்லணும். வேற சொன்னா ஒப்பந்தத்துல இன்னொரு ஆறு வருஷம் சேத்துடுவாங்க."

பெரிய மனுஷர் அப்படியே சிறுத்துப்போனார். அழைப்பு இல்லை, இனிப் பலகைதான். அவர் பலகையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு உடைந்த குரலில், "போறேன்" என்றார். எண் சரசரவென்று இறங்கியது. அவர் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். பெலிக்ஸ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

செல்லக்கனி மகளுக்கு எதிரே வந்து நின்றாள். பிறந்ததிலிருந்து அம்மாவை நீ, வா, போ என்று பேசியே வளர்ந்த பிள்ளை அது.

"போங்க" என்றாள் நறுமுகை.

மகள்மேல் கோபமில்லை, அது என்ன செய்யும்? தன்னுடைய கெட்டிக்காரத்தனம்தான் பிள்ளையின் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கிவிட்டது என்று செல்லக்கனிக்கு விளங்கியது. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு வாதாடி ஜெயித்தாளே, அதற்குக் கிடைத்த கூலி! இப்போது அவளும் ஒரு வார்த்தை போறேன் என்றால் போதும். எண் இன்னும் இறங்கும். அடுத்த வருடம் வரலாம், எண்ணெய் தேய்த்துவிடலாம். எட்வின்ராஜ் அண்ணாச்சி சொல்லிவிட்டார், தானும் சொல்லிவிட்டால் என்ன? நாக்கை மேலண்ணம்வரை கொண்டுபோனாள். எதிரே அணில் வேஷத்துக்குள்ளே பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வாரேன், தாயி" என்றாள் செல்லக்கனி.

எண் எகிறியது. "மேடம்!" என்று ஹர்ஷித் பதறினான். வாசலுக்கு வெளியே எட்வின்ராஜ் நின்றுவிட்டார். மறுகணம் ஓடிவந்து கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினார். "லே பெலிக்ஸு! அப்பா தெரியாமச் சொல்லிட்டேம்ல! போயிட்டு வாரேன்ல! போயிட்டு வாரேன்!"

பின்னால் வரிசையில் நின்றவர்களும் ஆளாளுக்குத் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். பலகையில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. செல்லக்கனி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. தூணில் பதித்திருந்த அந்தக் கொத்தமல்லி விதைக்கு நேராக வாயைக் கொண்டுபோனாள்.

"நல்லாக் கேட்டுக்கோ. சொன்ன சொல்லு வாக்குறுதின்னு நீதானே சொன்னே? வாரேன்னு சொல்லிட்டேன், வருவேன். துட்டுக் குடுத்து வாரேன்னு நான் சொல்லல. வேலி ஏறி வருவனோ, கதவ ஒடச்சிட்டு வருவனோ, அது எம்பாடு. எம்மவளப் பாக்க வாரேன். எழுதிக்கோ."

பொறி அதைப் பதிந்துகொண்டது. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஏற்ற இறக்கமில்லாத அதே குரலில் சொன்னது:

"நன்றி. தங்கள் வருகை உறுதி செய்யப்பட்டது."